உள்ளே ஒரு விளக்கு

மைனாட் ஊருக்கு வெளியே
கோதுமை அறுத்த மொட்டைக் காட்டோரம்
கேம்பருக்கடியில் மல்லாந்து கிடக்கிறார் ஆர்லன்.
முதுகுக்குக் கீழே பழைய அட்டைப்பெட்டி,
அதற்கும் கீழே அக்டோபர்.

இருட்டட்டும் என்று காத்திருந்து
உள்ளே எல்லா விளக்கையும் போட்டாள் மார்லிஸ்.
எங்கே வெளிச்சம் கசிகிறதோ
அங்கே எலி வரும்.
பென்சில் நுழைகிற துளை போதும், தலை நுழையும்;
தலை நுழைந்தால்
மெத்தை போச்சு, வயர் போச்சு,
போன வருஷம் அவளுடைய நீச்சலுடைகூட.

கேஸ் குழாய் ஓரம் ஒரு நட்சத்திரம்.
சக்கர வளைவில் ஏழெட்டு, கொத்தாக.
இரும்புப் பஞ்சைத் திணித்துத் திணித்து
வானத்தை அணைத்துக்கொண்டே வருகிறார்.
விரல் மரத்துவிட்டது.

நாய் பிஸ்கட், பாஸ்தா, சோப்புக் கட்டி வரைக்கும்
வீட்டுக்குப் போயாயிற்று.
புதினா எண்ணெயா?
அது எலிக்கு அத்தர் என்பாள் மார்லிஸ்.

கடைசித் துளை.
கும்மிருட்டு.
முடிந்தது என்று
தரைப்பலகையை இரண்டு தட்டுத் தட்டுகிறார்.

மூக்குக்கு நேர் மேலே
சரக், சரக்.

"மார்லிஸ், நீதானே?"

"நான் அப்போதே
காபி போட வந்துவிட்டேனே"
என்கிறது
தூரத்தில்
வீட்டுச் சமையலறை ஜன்னல்.