காலி வீட்டில் எல்லோரும்

நாற்பத்து மூன்று விடைத்தாள்கள்.
தோருன் நகரத்து ஜனவரி. விஸ்துலா நதி
பாதி உறைந்துவிட்டது, மீதி யோசித்துக்கொண்டிருக்கிறது.
ஹீட்டரின் மேல் என் காலுறைகள் காய்கின்றன.
சிவப்புப் பேனா சோபாவுக்கு அடியில் கிடைத்தது.

முதல் கேள்வி எளிது:
'ஒவ்வொரு டிராமுக்கும் ஓர் ஓட்டுநர் உண்டு.'
தலைகீழாய் நிற்கும் ஏ முன்னால் வர வேண்டும்,
முகம் திருப்பிக்கொண்ட ஈ பின்னால்.
பதினொரு பேர் இடம் மாற்றிவிட்டார்கள்.
அவர்களுடைய ஊரில்
எல்லா டிராமையும்
ஒரே ஆள் ஓட்டுகிறார்,
ஒரே நேரத்தில்,
ஒரு வாய் டீ குடிக்கக்கூட இறங்க முடியாமல்.
ஆளுக்கு அரை மதிப்பெண் குறைத்தேன்.
அந்த மனிதரை நினைத்தால்தான் பாவமாக இருந்தது.

மூன்றாவது:
'யாட்விகா ஏழை, ஆனால் கடன் வாங்கமாட்டாள்.'
ஏழை. மற்றும். கடன் வாங்கமாட்டாள்.
அவ்வளவுதான் விடை.
'ஆனால் எங்கே போயிற்று?' என்று
ஓரத்தில் ஒருத்தி கேட்டிருக்கிறாள்.
தருக்கத்துக்குள் ஆனால் கிடையாது, பெண்ணே.
இருந்தும், கூட, என்னவோ, பாவம், அதற்குள்
எல்லாவற்றையும் பனி ஒட்டிய பூட்ஸ் மாதிரி
வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும்.
இருபது வருடமாக இதைத்தான் சொல்கிறேன்.
வாசலில் குவிந்து கிடப்பவற்றை
ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

யாரோ, யாரும்:
வால் மட்டும் வேறான இரண்டு பூனைகள்.
இருட்டில் தடவித்தான் பிரிக்க வேண்டும்.
ஐந்தாவது கேள்வியில் பாதி வகுப்பு
தவறான பூனையைத் தூக்கி வந்திருக்கிறது.

ஏழாவதை எனக்குத் தந்தவர்
எங்கள் கட்டடத்துக் காவலாளி ஸ்விதால்ஸ்கி.
'எல்லாக் கதவையும் பூட்டவில்லை' என்றார்.
ஒன்றுகூடப் பூட்டவில்லையா,
ஒன்றிரண்டு விட்டுப்போயிற்றா?
டார்ச்சோடு இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
மூன்று.

இப்போது ஒன்பதாவது:
'இந்த வீட்டில் இருக்கும் எல்லோரும் தூங்குகிறார்கள்.'

வித்தோல்ட் கூர்பியேலின் தாள்.
ரொட்டி ஆலையில் இரவு வேலை பார்ப்பவன்;
மடிப்பில் கொஞ்சம் மாவு.
குறியீடு ஒவ்வொன்றும் சரி, அடைப்புக்குறிகூடத் தப்பவில்லை.
அதற்குக் கீழே பென்சிலில்:
'என் வீட்டில் நவம்பரிலிருந்து யாரும் இல்லை.
நான் ஆலையில் இருக்கும்போது
இந்த வாக்கியம் உண்மையா, மேடம்?'

உண்மை.
இல்லை என்று காட்ட ஓர் ஆள் இல்லாத இடத்தில்
எல்லாமே உண்மை.
அந்த வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள்.
எல்லோரும் விழித்திருக்கிறார்கள்.
எல்லோரும் சிவப்புத் தொப்பி போட்டு
பீட்ரூட் சூப் குடிக்கிறார்கள்.
எல்லோரும் உனக்காகக் காத்திருக்கிறார்கள்.

கடைசி வரியை எழுதி, உடனே அடித்துவிட்டேன்.
அடித்த பிறகும் அது உண்மையாகவே இருந்தது.

ஹீட்டர் ஒருமுறை தொண்டையைச் செருமியது.
காலுறைகளைப் புரட்டிப் போட்டேன்.
முழு மதிப்பெண் போட்டேன்.
அதற்குப் பக்கத்தில்,
பாடத்திட்டத்தில் இல்லாத கையெழுத்தில்:

காலை ஆறரைக்கு நீ சாவியைத் திருப்பி
ஒரு காலை உள்ளே வைத்ததும்
இந்த வாக்கியம் பொய்யாகிவிடும், வித்தோல்ட்.
அதற்குக் கூட்டம் வேண்டாம்.
தூங்காத ஓர் எக்ஸ் போதும்.

பத்தாவது கேள்வியை இன்னும் தொடவில்லை.
ஜன்னலுக்குக் கீழே கடைசி டிராம்
விளக்கோடு வளைவில் நிற்கிறது.
பயணி ஒருவரும் இல்லை.
ஓட்டுநர் பிளாஸ்கைத் திறந்து
மூடியில் டீ ஊற்றுகிறார்,
இந்த ஒரு டிராமுக்கு மட்டுமேயான ஆள்,
அவசரமில்லாமல்.