எழுபது சதுர மில்லி

அல் ஐன் சனையாவில்
கேபிள் கேட்டு வருகிறவர்கள்
நீளத்தை மட்டும்தான் சொல்வார்கள்.
"அஞ்சு மீட்டர் குடு, சிவப்பு."
ஏதோ ரிப்பன் வாங்குவதுபோல.

லேபர் பஸ் அது.
பாட்டரி இரண்டும் பின்சக்கரத்துக்கு அருகே,
ஸ்டார்ட்டர் முன்னால், எஞ்சினடியில்.
சூப்பர்வைசர் தங்கப்பழம்
நாற்பது திர்ஹத்துக்கு மேல் ஆகாதென்றார்.
டிரைவர் மிர்வைஸ் பேசவில்லை.
போன வியாழன் விடியற்காலை
நாற்பத்தாறு பேர் இறங்கித் தள்ளியதை
கையாலேயே காட்டினான்,
இரண்டு உள்ளங்கையையும் காற்றில் ஊன்றி.

பழைய கேபிள் பார்வைக்குத் தடிதான்.
சீவினேன்.
தோல் பாதி, கம்பி பாதி.
கம்பி செம்பு நிறம்;
பிளேடால் ஒரு சுரண்டு, உள்ளே வெள்ளை.
அலுமினியம்.
"கவரிங்" என்றேன்.
தங்கப்பழம் தன் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டார்.

மிர்வைஸ் சாவியைத் திருப்ப, மீட்டரை வைத்தேன்.
பாட்டரி முனையில் இருபத்திரண்டு.
ஸ்டார்ட்டர் முனையில் பதினேழு.
நடுவழியில் ஐந்து வோல்ட்டை
யார் எடுத்துக்கொண்டது?
மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவனிடம்
இதைப் புதிர் என்று போடக்கூடாது.

"அஞ்சு மீட்டர்தானே?"
பத்து, என்றேன்.
போகிற தூரத்தோடு
திரும்புகிற தூரத்தையும் கூட்டவேண்டும்.
சிவப்பில் போனது கறுப்பில் வந்தாக வேண்டும்.
இங்கே வந்திறங்கிய எல்லோரும்
அந்த இரண்டாவது பாதியைத்தான்
கணக்கில் விட்டுவிடுகிறோம்.

அப்புறம் இந்த நம்பர் தகராறு.
அமெரிக்க வண்டிக்காரர்கள் கேஜில் பேசுவார்கள்:
எண் ஏற ஏறக் கம்பி மெலியும்.
நாலைவிட இரண்டு தடி, இரண்டைவிட சைபர்.
சைபரோடும் நிற்காது,
ரெண்டு சைபர், மூணு சைபர் என்று
ஒன்றுமில்லாததே பருத்துக்கொண்டு போகும்.
எங்கள் ரோலில் சதுர மில்லிமீட்டர்.
எண் கூடினால் செம்பு கூடும்,
பில்லும் கூடும்.
சூப்பர்வைசர்களுக்குக் கேஜ்தான் பிடிக்கிறது.

இருபத்தைந்தில் ஆரம்பித்தார்.
முப்பத்தைந்துக்கு ஏறினார்.
ஐம்பதில் நின்று வியர்வை துடைத்தார்.
எழுபது, என்றேன்,
ஒரு மீட்டரை வெட்டி அவர் கையில் வைத்தேன்.
முக்கால் கிலோ.
கறிக்கடைக்காரரைப்போல நானும்
தராசைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன்.
"தள்ளின நாற்பத்தாறு பேரை
எந்தக் கணக்கில் எழுதினீங்க, அண்ணே?"
பதில் இல்லை.
தலை மட்டும், ஆமாமா இல்லையா தெரியாமல், அசைந்தது.
ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

லக்கை நசுக்கி, ஸ்லீவைச் சுருக்கி, முறுக்கி முடித்தாயிற்று.
இனி தொட்டுப் பார்க்கவேண்டும்:
கேபிள் சுட்டால் பருமன் போதாது.
ஆனால் ஜூலை, மத்தியானம் மூன்று மணி.
போல்ட் சுட்டது. ஸ்பானர் சுட்டது.
குழாய்த் தண்ணீர் சுட்டது.
இதில் எது கம்பியின் சூடு?

எனவே விடியற்காலை நாலு மணிக்கு
கேம்ப் வாசலுக்கு நடந்தேன்,
சம்பளமில்லாத வேலை, சட்டைகூட மாற்றவில்லை.
பாட்டரிப் பெட்டியைத் திறந்து
சிவப்பைப் பிடித்துக்கொண்டேன்.
மிர்வைஸ் திருப்பினான்.
ஒரே உறுமல்.
படியில் கால் வைத்தவர்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள்,
சாப்பாட்டுப் பையோடு, பாதித் தூக்கத்தில்.
ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.
கேபிள்
என் கையைவிடச் சூடாக இல்லை.

முந்நூற்றிருபதில் இருநூறுதான் வந்திருக்கிறது.
மிச்சம் அடுத்த மாதமாம்.
கழற்றிய கேபிளை ஸ்கிராப்காரன்
எடை போடாமலே திருப்பித் தந்துவிட்டான்.
கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன்,
வெட்டுமுனை தெருவைப் பார்க்கும்படி.