தெருப்பெயர்: ஒரு புள்ளி

தெருப்பெயர் என்ற கட்டத்தின் தலையில்
சிவப்பு நட்சத்திரம் வைத்தவள் நான்.
நிரப்பாமல் அனுப்ப முடியாது.
வாங்கி வைத்த பன்னி சௌ ஆறுகிறதே என்ற அவசரத்தில்
ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்த முடிவு.

மாநகராட்சியின் தண்ணீர்ப் புகார்ச் செயலி அது.
குழாய் உடைந்ததா, வரவில்லையா, கலங்கலா,
மூன்றுக்கும் மூன்று சின்னச் சின்னப் படங்கள்.
அழகு என்றார்கள். அழகுதான்.

டர்பன் அலுவலகம், பதினோராவது மாடி.
புதன்தோறும் சுவர் அகலத்துக்கு வரைபடம் விரியும்.
புகார் மிகுந்தால் சிவப்பு, குறைந்தால் மஞ்சள்,
இல்லாவிட்டால் பச்சை.
வெருலத்துக்கு அப்பால் தகரக்கூரைச் சரிவு முழுக்க
பழைய கரும்புத் தோட்டம் போலப் பச்சை.
"அங்கே பிரச்சினை இல்லை" என்றார் இயக்குநர்.
தண்ணீர் லாரி வேறு பக்கம் திரும்பியது.
அந்தப் பச்சையையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன்.
'கண்ணுக்குக் குளிர்ச்சி' என்று எழுதிய குறிப்பு
இன்னும் கோப்பில் இருக்கிறது.

புசிசிவே குமெடே பயனர் சோதனைக்கு வந்தாள்.
நூற்றைம்பது ராண்ட், டாக்ஸிக் கூலி தனி.
விரிசல் விட்ட திரையில் வேகமாகத் தட்டினாள்.
தெருப்பெயர் வந்தது. அவள் நிற்கவே இல்லை,
ஒரு புள்ளி வைத்தாள், அனுப்பினாள்.
என்ன அது என்றேன்.
"எங்கள் தெரு" என்றாள்.
"எல்லாரும் இதைத்தான் போடுகிறோம்.
உன் பெட்டி புள்ளியைத் தின்னும்."

அன்றிரவு தேடினேன்.
நான் எழுதிய துப்புரவு நிரல் ஒன்று
இரவு இரண்டு மணிக்கு எழுந்து
முகவரி பொருந்தாததையெல்லாம் கூட்டிப் பெருக்கி
ஒரு மூலையில் கொட்டி வைத்திருந்தது.
பதினெட்டு மாதக் குப்பை.
நாலாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும்
அமன்ஸி, அமன்ஸி,
தண்ணீர் இல்லை, பன்னிரண்டாம் நாள்,
தண்ணீர் இல்லை, பத்தொன்பதாம் நாள், பிள்ளைக்குப் பேதி,
யாராவது இதைப் படிக்கிறீர்களா.

புள்ளிவிவரம் என்கிறோம்.
விவரம் சுவருக்குப் போனது,
புள்ளி குப்பைக்கு.

நட்சத்திரத்தை எடுக்கக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.
குழு மார்ச்சில் கூடும்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
புள்ளி வைக்க மறந்தே மதிப்பெண் இழந்தவள் நான்.
புள்ளி இல்லாமல் மெய் இல்லை,
அவ்வளவு தமிழ் எனக்கும் தெரியும்.
வெள்ளி மாலை எல்லாரும் போன பிறகு
ஒரே ஒரு வரியை அழித்தேன்.
குப்பையில் கிடந்தவற்றை
செல்போன் கோபுரங்கள் சொன்ன இடங்களில்
ஒவ்வொன்றாய் இறக்கினேன்.

புதன்கிழமை சுவர் சிவந்திருந்தது.
"வரைபடத்தைக் கெடுத்தது யார்?"
கையைத் தூக்கினேன்.

வியாழக்கிழமை சரிவுக்கு ஒரு லாரி போனதாம்.
ஒன்றுதான். பாதி வழியில் தீர்ந்துவிட்டதாம்.

எச்சரிக்கைக் கடிதம் மட்டும்
தவறாமல் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது:
செல்வி சலோஷினி படையாச்சி,
வீட்டு எண், தெரு, அஞ்சல் குறியீடு.
ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.