மூளித் தம்ளர்

தடாவில் பஸ் மாறி
பீரங்கிமேட்டில் இறங்கும்போது மணி பதினொன்றரை.
பெயர்ப்பலகையில் தெலுங்கு மேலே, தமிழ் கீழே.
உப்புக்காற்று இரண்டையும் சமமாகத் தின்றிருந்தது.
சாலைக்கு அந்தப்புறம் டச்சுக்காரர் கல்லறைகள்:
கல்லில் ஒரு மண்டையோடு, ஒரு மணற்கடிகாரம்,
இரண்டுக்கும் மேல் யாரோ காயப்போட்ட நைட்டி.
இந்தப்புறம் தலைவர்.

தேசிங்கு உள்ளே வரமாட்டேன் என்றார்.
நாற்பது வருஷம் அந்தக் கொடியைச் சுமந்த தோள்.
பதினேழு நாள் நெல்லூர் ஜெயில்.
“செருப்பப் பாத்துக்கறேன், நீ போ.”
செருப்புக்கு டோக்கன் கொடுக்க ஆள் இருந்தான்,
ஜோடிக்கு ஐந்து ரூபாய்.
நான் காட்டிக்கொள்ளவில்லை.
வேப்பமர நிழலில் என் செருப்பைப் பக்கத்தில் வைத்து
உட்கார்ந்துகொண்டார்,
மாநாட்டில் யாருக்கோ இடம் பிடிப்பதுபோல.

வாசலில் சுட்ட சலவைக்கல்
உள்ளே குளிர்ந்தது.
சமாதி நான் நினைத்ததைவிட நீளம்.
மனிதர் அவ்வளவு உயரமில்லை,
எங்கள் வீட்டு நிலைப்படியில்
குனியாமலே நுழைந்தவர்.

புயலடித்த வருஷம்.
ஏரி தெருவுக்குள் வந்து
அடுப்புக்குள் இறால்குஞ்சு நீந்திய வாரம்.
படகிலிருந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி,
எங்கள் வீடுதான் மேடு என்பதால்
எங்கள் வீட்டுக்கு வந்தார்.
“ஒரு டீ கிடைக்குமா, அம்மா?”
எனக்கு அப்போது இருபத்திரண்டு.

கண்ணாடித் தம்ளர், நீலப் பூப் போட்டது,
சூளூர்பேட்டைச் சந்தையில் வாங்கிய ஆறில் ஒன்று.
குடித்து முடிக்குமுன் கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு போனது.
படகு நகர்ந்தபோது எங்களுக்குக் கையசைத்தார்.
அசைந்த கையில் இருந்தது
என் தம்ளர்.

பாலம் கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அதன்பின் எங்கள் வீட்டில் ஐந்து.
ஆறு பேர் டீ குடித்தால் ஒருவருக்கு எவர்சில்வர்.
அந்த ஒருவர் யாரென்று
யாரும் கேட்டதில்லை. நானும்.
தேசிங்கு இந்தக் கதையை முதலில் பெருமையாகச் சொன்னார்,
அப்புறம் சிரித்துக்கொண்டு.
பாலம் வராத இருபதாவது வருஷத்தில்
சொல்வதையே விட்டுவிட்டார்.

நான் மட்டும் யாரிடமும் சொல்லாத ஒன்று:
அவசரத்தில் அவருக்குக் கொடுத்தது மூளித் தம்ளர்.
கஸ்தூரி தவழும் வயதில் அம்மியில் மோதி
விளிம்பில் நகமளவு உடைத்து வைத்தது.
உதட்டைக் கிழித்திருக்குமோ என்று
பல ராத்திரி விழித்துக் கிடந்தேன்.
மறுநாள் பேப்பரில் அவர் வாயைத்தான் பார்த்தேன்.

இடதுபக்கக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டி.
‘தலைவர் பயன்படுத்தியவை.’
மூக்குக்கண்ணாடி. பேனா. துண்டு.
பாதி தேய்ந்த சவர சோப்பு.
அப்புறம் ஒரு தம்ளர்,
நீலப் பூ.

குனிந்தேன். எட்டிப் பார்த்தேன்.
இந்தப்பக்க விளிம்பு முழுசு.
அந்தப்பக்கம் சுவர்.

“கொஞ்சம் திருப்பி வைக்க முடியுமா?”
காவலுக்கு நின்ற சுப்பராயுடு
என்னை ஏற இறங்கப் பார்த்தான்.
“சாவி கலெக்டர் ஆபீஸ்ல, அம்மா. எதுக்கு?”
“சும்மாதான்.”
என் மூச்சுப் படிந்த இடத்தை அவன் துணியால் துடைத்தான்.
பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், வரிசை நெருக்க
நகர்ந்தேன்.

வெளியே வந்ததும்
செருப்பைத் தட்டி மணலை உதிர்த்து நீட்டினார்.
“என்ன வெச்சிருக்காங்க?”
“பேனா, துண்டு, கண்ணாடி.”
“வேற?”
“சோப்பு.”
“வேற?”
“வேற என்ன இருக்கும்?”

பஸ்ஸில் பேசவில்லை.
தடாவில் இறங்கி வேர்க்கடலை வாங்கினார், பேசவில்லை.
சாயங்காலப் படகில் நாங்களும் இரண்டு ஐஸ்பெட்டியும்.
நடு ஏரியில் ஆழம் குறைந்ததும்
படகுக்காரன் எஞ்சினை நிறுத்திக் கழியை ஊன்றினான்.
தூரத்தில் பூநாரைகள் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன.
தண்ணீரைப் பார்த்தபடியே தேசிங்கு கேட்டார்:

“மூளி தெரிஞ்சுதா?”