ஏழாவது கேள்வி

குடியுரிமைக் குழுவில் ஐந்து பேர்.
மேசைக்கு மற்றப் பக்கம் நான்.
தண்ணீர்க் குவளை எனக்கு மட்டும் வைத்திருந்தார்கள்.

ஏரிகளின் பெயர் சொன்னேன்.
குப்பைப் பையின் விலை சொன்னேன்.
தீப்பிடித்தால் எந்த இலக்கம் என்றும் சொன்னேன்.
ஏழாவதாக, குவேர்டர் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்:
"ஷ்வீட்ஸ். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?"

பதினொரு வருஷமாக
அந்தப் பெயரை நான் ஓட்டிக்கொண்டு திரிகிறேன்.
முவோத்தா பள்ளத்தாக்கிலிருந்து திரும்பும்போதெல்லாம்
பேருந்தின் நெற்றியில் மஞ்சள் எழுத்தாக எரியும்,
கடைக் கண்ணாடிகளில் இடம்வலம் மாறி ஓடும்.
ஷ்வீட்ஸ் என்று பெயர் போட்ட ரயில் நிலையம்
சேவனில் இருக்கிறது.
அதைப் பற்றி ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை.

படித்துக்கொண்டு போனதைச் சொன்னேன்.
வடக்கே பஞ்சம். சீட்டுக் குலுக்கினார்கள்.
பத்துப் பேரில் ஒருவர் வெளிக்கிட வேண்டும்.
சுவீடனிலிருந்து நடந்து வந்தவர்களில் சகோதரர் இருவர்,
சுவிட், ஷேயோ.
காட்டுக்கு யார் பெயர் என்று வாள் எடுத்தார்கள்.
விழுந்தவன் பெயரில் ஊர் இல்லை.

சீட்டு என்ற சொல்லில் என் நாக்குத் தடக்கியது.
ஒருத்திக்குத்தான் காசு காணும் என்றபோது
நாங்களும் சீட்டுத்தான் போட்டோம், சீனிப் பேணிக்குள்.
துண்டுகளை எழுதியது அக்கா.
நான் எடுத்ததில் என் பெயர்.
மற்றத் துண்டை அவள் விரிக்கவில்லை,
அடுப்புக்குள் போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைத்தாள்.

இதை நான் குழுவுக்குச் சொல்லவில்லை.

"அது கதை," என்றார் இன்டர்பிட்சின் அம்மா.
"பின்னால் எவரோ எழுதிவைத்தது.
பழைய பேச்சில் சுவேதன் என்றால் எரித்தல்.
காட்டை எரித்து வெளியாக்கிய இடம் இது."
சுடு என்று எனக்குள் ஒரு சொல் எழும்பி இருமியது.
அடக்கிக்கொண்டேன்.
எங்கள் ஆட்களை விட்டால்
ஆல்ப்ஸ் மலைக்கும் தமிழில் வேர் காட்டுவார்கள்.

"எரித்தலுமில்லை, கரித்தலுமில்லை," என்றார் பெட்சார்ட்.
"சுவிட்டோ என்று ஒருவன். அவனுடைய பண்ணை.
மாடு வைத்திருந்திருப்பான், அவ்வளவுதான்."
பழைய ஏட்டில் சுவித்தெஸ் என்று இருக்கிறதே என்றார் குவேர்டர்,
ஜெர்மன்காரர் வருமுன்னே
இங்கே வேறு யாரோ இருந்திருக்கிறார்கள் என்றார்.
யார்?
அதுதான் தெரியாதே!

பிறகு அவர்கள் தங்கள் மொழிக்குள் இறங்கிவிட்டார்கள்,
பரீட்சைக்கு வராத, கரடுமுரடான அந்த வீட்டு மொழிக்குள்.
மேசையில் கை தட்டுப்பட்டது. யாரோ யாருடையவோ மாமனாரை இழுத்தார்கள்.
நான் தண்ணீரைக் குடித்து முடித்தேன்.
யன்னலில் பெரிய மீத்தன், சிறிய மீத்தன்,
ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன.

எழுத்தராக வந்த பையன் பென்சிலோடு கேட்டான்:
"சரி போடவா, பிழை போடவா?"
ஒருவரும் பதில் சொல்லவில்லை.
ஏழுக்கு நேரே சின்னதாக ஒரு கோடு கீறினான்.

எட்டாவது சுகமான கேள்வி.
"கனகசூரியம், உங்கள் குடும்பப் பெயர். அர்த்தம் என்ன?"
அது குடும்பத்தின் பெயரில்லை,
அப்பாவின் பெயர், என்றேன்.
சூரிச்சில் ஒரு பொலிஸ்காரர், விடியப்புறம் மூன்று மணிக்கு,
படிவத்தில் பெட்டி காலியாக இருக்கிறது என்று
அவரை அதற்குள் தூக்கிப் போட்டார்.
என் மகனும் இப்போது கனகசூரியம்.
அவனுடைய மகளும் அப்படித்தான் வருவாள்.

பெட்சார்ட் சிரித்தார். பிறகு,
எதையோ யோசித்தவர்போல, நிறுத்தினார்.

கடிதம் ஆறு கிழமையில் வரும் என்றார்கள்.
அடுத்த நாள் ஐந்தே காலுக்கு வண்டியை எடுத்தேன்.
பனி. பயணிகள் இல்லை. நெற்றியில் பெயர் எரிந்தது.

அக்காவோடு ஞாயிறுதோறும் கதைக்கிறேன்.
விலைவாசி, முழங்கால், மழை.
அந்த மற்றத் துண்டில் யார் பெயர் இருந்தது என்பது பற்றி
இரண்டு கருத்து உண்டு.
இரண்டும் என்னுடையவை.