லாக் என்றால் ஆறு

பினாங்கு பெரிய மருத்துவமனை, இரண்டாம் மாடி.
ஏர்கோண்ட் ஒரு மூலையை மட்டும் குளிரவைக்கும் அறை.
மேசையில் பட அட்டைகள்:
புகைபோக்கி, பனிச்சறுக்கு வண்டி,
வாய்வைத்து ஊதும் ஏதோ ஒரு பெட்டி.
எங்கோ குளிர்நாட்டில் வரைந்தவை.
சவ்ராஸ்தா சந்தையில் முப்பத்தோரு வருடம்
மீன் வெட்டிய அங்கப்பனிடம்
இவற்றின் பெயரை நான் கேட்க வேண்டுமாம்.

மூன்றாவது அட்டைக்கு
ஹொக்கியனில் ஒரு கெட்டவார்த்தை சொன்னார்.
தெளிவாக, முழுதாக, ஓர் எழுத்தும் உதிராமல்.
பயிற்சிக்கு வந்திருந்த ஹுய் மின்
வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
மூச்சு நன்று. உச்சரிப்பு நன்று. கோபம் நியாயம்.

மறுவாரம் என் கைப்பேசியில் எடுத்த படங்களோடு வந்தேன்.
குடைக்கு 'பாயோங்' என்றார்.
தமிழ்த் தாளில் அது தப்பு, மலாய்த் தாளில் சரி.
மீனுக்கு 'ஹூ'.
கத்திக்கு மட்டும் கத்தி.
ஒரே வாய்க்கு எந்தத் தாளைக் கொடுப்பது?
ரத்தம் அடைத்தபோது
மொழி பார்த்தா அடைத்தது?
மூன்று தாளையும் ஒன்றாகப் பின் அடித்து
எல்லாவற்றுக்கும் சரி போட்டேன்.
மேலே கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வேலையில் பாதி, காத்திருப்பது.
கேட்டுவிட்டுப் பத்து எண்ணு.
தொண்டைவரை வந்த சொல் திரும்பிப் போகும்,
கழுத்து நரம்பு புடைக்கும்,
எடுத்துக்கொடுக்க நாக்கு துறுதுறுக்கும்.
கொடுக்காதே.
(வீட்டில் நான் யாரையும் பேசி முடிக்க விட்டதில்லை.
இதைக் கேட்டால் என் கணவர் சிரிப்பார்.
சிரித்து முடிக்கவும் விடமாட்டேன்.)

அவர் மனைவி பாக்கியவதிக்கு எண்ண வராது.
தண்ணியா? வலிக்குதா? ஃபேன் கூட்டவா?
ஒரு மூச்சில் மூன்று கேள்வி, மூன்று பதில்.
"மனசுக்குள்ள எண்ணுங்கம்மா" என்றால்
வாய்விட்டே எண்ணினார், ஒன்று, ரெண்டு...
அங்கப்பன் சேர்ந்துகொண்டார்:
சிட், நோ, சா, சீ, கோ, லாக்.
லாக்கில் நின்றார்.
மனைவியைப் பார்த்து, மறுபடி: லாக்.

அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் பெயர்.
வந்தால் லாக். போனால் லாக்.
"நாப்பது வருஷம் கூப்பிட்ட பேரு, டாக்டர்,
அது வரமாட்டேங்குது, ஆறு மட்டும் வருது."
நான் டாக்டர் இல்லை, ஐந்து முறை சொல்லியாயிற்று.
ஆறு மணி மாத்திரையா?
யாருக்காவது ஆறு வெள்ளி பாக்கியா?
"நாலு நம்பர்ல எடுக்கச் சொல்றாரோ" என்று
ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தும் பார்த்தார்.
விழவில்லை.
படிவத்தில் நான் எழுதியிருந்தேன்:
மனைவியின் பெயர் — சொல்ல இயலவில்லை.

வியாழக்கிழமை பக்கத்துக் கடை ஆ செங் வந்தார்,
தம்புன் பிஸ்கட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு.
இருவரும் எண்களிலேயே பேசினார்கள்,
விலையா, எடையா, வம்பா, தெரியவில்லை.
அங்கப்பன் அவளைக் காட்டி லாக் என்றதும்
ஆ செங் தொடையில் அறைந்து சிரித்தார்.
சந்தை மலாயில் சொன்னார்:
ஆறாம் நம்பர் கடை. உங்கப்பாவோட தேங்காய்க் கடை.
கல்யாணத்துக்கு முன்னாடி இவன்
பாதி மீனில் கத்தியைப் போட்டுட்டு
'லாக் வந்தாச்சு, லாக் வந்தாச்சு'ம்பான்.
உனக்குத் தெரியாதா?

தெரியாது.
தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளுக்கு
யாரும் சொல்லவில்லை. இவரும்தான்.

அந்த வரியை அழிக்க ரப்பர் தேடினேன்.
பேனாவில் எழுதித் தொலைத்திருக்கிறேன்.

பாக்கியவதி வாயைத் திறந்தார்.
ஏதோ தொண்டைவரை வந்தது, திரும்பியது.
அங்கப்பன் அவசரப்படுத்தவில்லை.
நான் பத்து எண்ணினேன்.
பிறகு இன்னொரு பத்து.