விடும்போது

எட்டு மாதமாய்
எந்தப் பல்லென்று காட்டத் தெரியவில்லை.
இடப்பக்கம் கீழே என்பேன்,
அடுத்த கிழமை மேலே என்பேன்.
பாணின் கருகல் பட்டால் மின்னல்;
அதே பாணை மறுதரம் கடித்தால் ஒன்றுமில்லை.
முதல் வைத்தியர் படம் பிடித்து
"வடிவான பல்" என்றார்.
நூற்றிருபது பிராங்க்.

ஓல்ட்டனில் நவம்பர் என்றால்
ஆரே ஆறு இருக்கிறதா என்று
பாலத்தில் நின்று காதால்தான் பார்க்கவேண்டும்.
அந்தப் புகாருக்குள்ளால் நடந்து
டொக்டர் எபிஷரிடம் போனேன்.

அவர் கையில்
ஒரு பிளாஸ்டிக் குச்சி, நுனியில் சின்னக் குழி.
ஒவ்வொரு பல்முனையாய் வைத்து
கடியுங்கள் என்றார், கடித்தேன்.
விடுங்கள் என்றார், விட்டேன்.
கடைவாயில், பின்முனையில்,
கடித்தபோது சும்மா கிடந்தது
விட்டபோது
என் கால் இரண்டும் கதிரையை விட்டு எழும்பின.

"விடும்போதா?"
"விடும்போதுதான்."
அவர் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம்,
தொலைத்த திறப்பைக் கண்டவர் மாதிரி.
அழுத்தினால் பிளவு விலகும்,
விட்டதும் சட்டென்று மூடும்,
மூடும்போதுதான் நரம்புக்குத் தெரியும் என்றார்.

பழைய அடைப்பைத் தோண்டி எடுத்து
பக்கவாட்டில் வெளிச்சம் பிடித்தார்.
பாதிப் பல் விளக்காய் எரிந்தது,
மீதி இருட்டு.
பிறகு நீல மை.

இந்த வேலை எனக்குத் தெரியும்.
இருபத்தொரு வருஷமாய் ரயில் பட்டறையில்
அச்சுகளுக்குச் சிவப்பு மை பூசுகிறேன்.
பூசி, பொறுத்து, துடைத்து, வெள்ளை மா தூவினால்
விரிசல் தான் குடித்ததைக் கக்கும்,
சிவப்பாய் ஒரு மயிர்.
நான் கையெழுத்து வைத்தால்
அந்த அச்சு அன்றைக்கே கழற்றப்படும்.
யாரும் ஏனென்று கேட்பதில்லை.

கண்ணாடியில் காட்டினார்:
முன்னிருந்து பின்வரை
நீலமாய் ஒரு மயிர்.

"இரவில் பல் நெருமுவீர்களா?"

நளாயினி சொல்லியிருக்கிறாள்,
பக்கத்து வீட்டில் யாரோ கல் உடைக்கினம்
என்று நினைத்தாளாம், ஒரு வருஷமாய்.
குகேந்திரன் சீட்டுக்காசைச் சுருட்டிக்கொண்டு
விமானம் ஏறியும் ஒரு வருஷம்.
நாற்பதாயிரத்துக்குப் பிணை நான்.
அச்சுக்கு வைக்கும் அதே கையெழுத்து.
பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு, வருவான்
என்றார்கள் எல்லாரும்.
இருந்தேன்.

இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது?
"வேலையில் கொஞ்சம் அழுத்தம்" என்றேன்.

எலும்பு என்றால் ஒட்டும், பல் ஒட்டாது என்றார்.
முதலில் ஒரு உலோக வளையம் போட்டு இறுக்குவோம்,
மூன்று கிழமை பார்ப்போம்.
நோ அடங்கினால் மேலே மகுடம்.
அடங்காவிட்டால் நரம்பை எடுக்கவேண்டும்.
பிளவு வேருக்கு இறங்கியிருந்தால்
பிடுங்குவதைத் தவிர வேறொன்றுமில்லை.
"இந்தப் பல்லுக்கு
நான் உத்தரவாதம் தரமாட்டேன்."

எவ்வளவு இலேசாய்ச் சொல்லிவிட்டார்.
கையுறையைக் கழற்றிக்கொண்டே.
அந்த ஒரு வசனத்தை
அன்றைக்குக் குகேந்திரனின் குசினி மேசையில்
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
தேத்தண்ணி வேறு நல்லாயிருந்தது.

செலவுக் கணக்கு கடித உறையில்.
காப்புறுதி பல்லுக்கு ஒரு சதமும் தராது.

வீட்டில் நளாயினி சோறு போட்டாள்.
"எவ்வளவாம்?"
"இரண்டாயிரத்து நூறு."
"நான் பல்லைக் கேட்கேல்லை" என்றாள்.
கரண்டி சட்டிக்குள்ளேயே நின்றது.

வளையம் நாக்கில் இரும்பாய்க் கைத்தது.
ஒரு பிடி சோற்றை
வலப்பக்கத்தால் மென்று விழுங்கிவிட்டு
சீட்டுத் தொடங்கிய
அந்தத் தை மாதத்திலிருந்து
சொல்லத் தொடங்கினேன்.